ஓபோலேயில் மூன்றேகால் மணி நேரம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவரே இதன் கதாபாத்திரம். எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இதில் முழுச் சுதந்திரம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஆறாவது மாடி ராஜி. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். புனேயில், சாங்வியில் எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் நான்கு. லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். அதற்குமேல் பழக்கமில்லை.

"நீங்கதானே தமிழ்ல எழுதறவர்?"

"எப்பவாவது."

"ஒரு லெட்டர் எழுதணும். ஆனா லெட்டர் மாதிரி இருக்கப்படாது."

"வேற எப்படி இருக்கணும்?"

"கதை மாதிரி."

உட்காரச் சொன்னேன். ராஜிக்கு அறுபத்தொரு வயது. ஒரு வங்கியில் முப்பத்திரண்டு வருடம் கவுண்டரில் இருந்தவர். மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ், தமிழ். "நாலு பாஷைலயும் மனுஷாளை 'நாளைக்கு வாங்கோ'ன்னு திருப்பி அனுப்பியிருக்கேன்" என்றார். சிரிக்கவில்லை.

அவருடைய ஒரே மகள் ஸ்ரீவித்யா போலந்தில் இருக்கிறாள். எட்டு மாதமாகப் பேச்சில்லை. சென்ற செப்டம்பரில் ராஜி அவளைப் பார்க்கப் போனார். பார்க்காமல் திரும்பி வந்தார். வேறு ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். மகள், அம்மா வேண்டுமென்றே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது தவறு என்று அவளுக்குத் தெரியவேண்டும். இவ்வளவுதான் வேலை.

"நீங்களே இங்கிலீஷ்ல எழுதலாமே?"

"எழுதினேன் சார். பேங்க் லெட்டர் மாதிரி வரது. அதுவும் போய்ச் சேரலை. பிளாக் பண்ணிட்டா. அவ ஸ்நேகிதி ப்ரீத்தி கிட்ட சொல்லச் சொன்னேன். 'தும்ஹீ தோகி பகா, ஆண்ட்டி'ன்னுட்டா."

(நீங்கள் ரெண்டு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ப்ரீத்தி புத்திசாலி. எனக்கு அது தோன்றவில்லை.)

"உங்க பொண்ணு தமிழ் படிப்பாளா?"

"படிக்க வராது. கேட்டாப் புரியும்."

"அப்போ நான் எழுதி என்ன பிரயோஜனம்?"

"அந்த ஊர்ல தமிழ்க்காரா நிறைய இருக்காளாம். பத்திரிகைல வந்தா யாராவது படிப்பா. படிச்சா, இது யாரோ நம்ம பக்கத்துப் பொண்ணாச்சேன்னு சொல்லாமயா இருப்பா?"

எனக்கு இதுவரை வாசகர்கள் இருந்ததாகவே நிச்சயமில்லை. இவர் என் வாசகரை நம்பி வந்திருந்தார்.

2

முதல் தொடக்கம்: "போலந்தில் அன்று பனி பெய்துகொண்டிருந்தது."

ராஜி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பனியா? செப்டம்பர் சார். வேர்த்துக் கொட்டித்து."

இரண்டாவது தொடக்கம்: "மொழி என்பது

இங்கேயே நிறுத்திவிட்டேன். 'என்பது' என்று தொடங்கும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது தொடக்கம்: "ராஜி தவறான ஸ்டேஷனில் இறங்கினாள்." இதை வெகுநாள் வைத்திருந்தேன். இதில் ராஜிக்கு ஒரு புகார், எனக்கு ஒன்று. 'இறங்கினாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, நான் என்ன சின்னப்பெண்ணா என்றார் அவர். கதைக்குள் 'அவள்', வெளியே 'அவர்' என்று சமாதானம் சொன்னேன். கதை என்று வந்தபின் எல்லாருமே கொஞ்சம் மரியாதை குறைந்துதான் உள்ளே போகிறார்கள். பெயரையும் மாற்றச் சொன்னார். லலிதா என்று வைக்கவேண்டுமாம். ராஜியே மாற்றிய பெயர்தான் என்றேன். அப்படியானால் சரி என்று விட்டுவிட்டார்.

என் புகார் 'தவறான' என்ற சொல்லின் மேல். அதைப் பிறகு சொல்கிறேன்.

3

ராஜியின் கணவர் கோவிந்தராஜன் இரண்டேகால் வருடம் முன்பு, ஒரு பிப்ரவரியில் இறந்தார். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தார். அந்தப் பத்தொன்பது நாளும் ராஜி மகளோடு போனில் பேசினாள்.

"அப்பா வாக்கிங் போயிருக்கார்."

"அப்பா தூங்கறார்."

"அப்பாவுக்குத் தொண்டை கட்டிண்டிருக்கு. அப்புறம் பேசுவார்."

வித்யா ஹிஞ்சேவாடியில் வேலை பார்த்த கம்பெனி அவளைப் போலந்துக்கு அனுப்பி ஏழு மாதம் ஆகியிருந்தது. அங்கே வேலையை உறுதி செய்வது மார்ச்சில். பிப்ரவரியில் எதற்கு அவளைக் கலங்கடிப்பது? வந்தால் திரும்பிப் போகமுடியுமோ என்னவோ. ராஜி யோசித்துத்தான் செய்தாள். இருபதாம் நாள் சொல்லவேண்டியதாகிவிட்டது.

வித்யா வந்தாள். காரியம் முடியும்வரை இருந்தாள். யாரோடும் சண்டை போடவில்லை. கிளம்பும் அன்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"வாக்கிங்?"

டாக்ஸி வந்துவிட்டது.

அதன்பின் பதினாறு மாதம் போனை எடுக்கவில்லை. போன ஜூனில் ஒரு மெசேஜ் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். அதன் சாரம்: வா. டிக்கெட் எடுத்துவிட்டுச் சொல். பிளாட்பாரத்தில் நிற்கிறேன். நீ இறங்கவில்லை என்றால் புரிந்துகொள்கிறேன், காரணம் சொல்லவேண்டாம். வந்தால் என்னிடம் எதையும் மறைக்கக்கூடாது.

ராஜி விசா வாங்கினாள். அவுந்தில் ஒரு ஏஜென்ட், வார்சா வரை விமானமும் அங்கிருந்து ஐந்து மணி நேர ரயிலுமாகப் போட்டுக்கொடுத்தார். வண்டி எண்ணையும் நேரத்தையும் மகளுக்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அன்றைக்கு முழுக்க அந்தக் கட்டைவிரலை எடுத்தெடுத்துப் பார்த்தாள்.

4

வார்சாவில் வண்டி ஏறும்வரை ராஜிக்குக் குழப்பமில்லை. வண்டி எண் சரி. பெட்டி எண் சரி. இருக்கை எண் சரி. வங்கியிலும் எண்தான் முதலில், பெயர் அப்புறம்.

ஆறு பேர் உட்காரும் சின்ன அறை. மூன்று பேர்தான் இருந்தார்கள். எதிரே ஒரு வயதான அம்மாள், மடியில் கூடை, கூடைக்குள் பூனை. ஜன்னலோரம் காதை அடைத்துக்கொண்டு தூங்கும் ஓர் இளைஞன். ராஜி. போனில் இணைப்பு கிடையாது. ஏர்போர்ட்டில் வைஃபை வேலை செய்தது. இங்கே ஒரு பக்கம் திறந்து போலிஷ் மொழியில் ஏதோ கேட்டது. இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினாள். பக்கம் மூடிக்கொண்டது.

நான்கு மணி நேரம் வயல் ஓடியது. அதன்பின் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். இறங்கவேண்டிய ஊரின் பெயர் நடுவில் எல் எழுத்தின் மேல் ஒரு கோடு. அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். வங்கியில் ஓர் எழுத்தை அடித்தால் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடவேண்டும். இங்கே போடவில்லை. அடித்ததைச் சேர்த்தே படித்தாள். வ்ரோக்லாவ்.

அந்தப் பெயரை யாரும் அவள் காதுபடச் சொன்னதில்லை. வித்யா போனில் பேசிய நாட்களில் 'இங்கே' என்பாள். ராஜி 'அங்கே' என்பாள். அந்த இரண்டு சொல்லிலேயே ஏழு மாதம் ஓடிவிட்டது.

நீலச் சட்டை போட்ட பரிசோதகர் வந்தார்.

"வ்ரோக்லாவ்?" என்று கேட்டாள்.

அவர் டிக்கெட்டைப் பார்த்தார். "நோ. வ்ரோத்ஸ்வாஃப். நோ, நோ."

"நாட் வ்ரோக்லாவ்?"

"வ்ரோத்ஸ்வாஃப்! தாக், தாக்."

தாக் என்றால் மராத்தியில் மோர். ராஜியின் வீட்டில் மோர் என்று சொல்லி முப்பது வருடமாகிறது. தாக் வாங்கிண்டு வா, தாக் புளிச்சுடுத்து, தாக் சாதம். ஊர் போகிறதா என்று கேட்டால் இந்த மனிதர் மோர் வேண்டுமா என்கிறாரே என்று ஒரு நிமிடம் திகைத்தாள்.

"தாக் நகோ" என்றாள்.

மோர் வேண்டாம் என்று ஒரு போலந்துக்காரரிடம் மராத்தியில் சொன்னோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. வெளியாள் யார் பேசினாலும் வாய் தானாக மராத்திக்குப் போய்விடும். புனேயில் இருந்து இருந்து வந்த வழக்கம். பரிசோதகர் தோளைக் குலுக்கினார். டிக்கெட்டில் துளை போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

ராஜி கணக்குப் போட்டாள். வ்ரோக்லாவா என்று கேட்டோம். இல்லை என்றார், ஒருமுறைக்கு மூன்று முறை. வ்ரோத்ஸ்வாஃப் என்று வேறு ஏதோ ஊரைச் சொன்னார். வண்டி மாறிவிட்டது. புனே ஸ்டேஷனில் கடைசி நிமிடத்தில் பிளாட்பாரத்தை மாற்றுவது போல இங்கேயும் மாற்றியிருப்பார்கள். தாண்டிப் போகுமுன் இறங்கவேண்டும். மணி ஒன்று நாற்பத்தைந்து. வித்யா இரண்டு நாற்பதுக்குப் பிளாட்பாரத்தில் நிற்பாள்.

வண்டி மெதுவாகியது. ஓபோலே என்று பலகை. ராஜி பெட்டியை இறக்கினாள். பூனைக்காரம்மாள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தாள்.

"நியே! நியே!"

நீயே, நீயே என்று காதில் விழுந்தது.

"ஆமா, நானேதான்" என்று தமிழில் சொல்லிவிட்டு ராஜி இறங்கினாள்.

5

* கடைசி வாக்கியத்தை நான் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். ராஜி சொன்னது அது.

* போலிஷ் தெரிந்த ஒருவரைக் கேட்டேன். 'தாக்' என்றால் ஆமாம். 'நோ' என்றால் அதுவும் ஆமாம்தான், பேச்சில், நாம் 'ம்' கொட்டுவது போல. 'நியே' என்றால் வேண்டாம், இல்லை. ஆக, வண்டியில் எல்லாரும் அவளுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றை இங்கிலீஷாகவும் ஒன்றை மராத்தியாகவும் ஒன்றைத் தமிழாகவும் கேட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். ஹிந்தி மட்டும் சும்மா இருந்தது.

இது அழகாகப் பொருந்துகிறது. அழகாகப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம் வரும். துளை போட்டுக்கொடுத்தாரே? வேறு ஊருக்குப் போகும் வண்டியில் அந்த டிக்கெட்டுக்கு எதற்குத் துளை? முப்பத்திரண்டு வருடம் காகிதம் பார்த்த கண்ணுக்கு அது தெரியாதா? தூங்கிய இளைஞனுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்கலாம். அவனை ஏன் எழுப்பவில்லை?

"தூங்கறவாளை எப்படி எழுப்பறது?" என்றார் ராஜி.

இன்னொன்று. 'நோ' என்று சொன்னபோது அந்தப் பரிசோதகர் தலையை எப்படி ஆட்டினார்? முதல் ஞாயிறு கேட்டபோது ராஜி பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். அடுத்த ஞாயிறு மேலும் கீழுமாக.

"இப்படியா, இப்படியா?"

"சார், நாமளே ஒரு நாளைக்கு எத்தனை விதமா தலையாட்டறோம்? அவன் ஆட்டினதுல நான் எதைன்னு எடுத்துக்கறது?"

நியாயம்தான். அப்போதே மூன்றாவது தொடக்கத்தில் 'தவறான' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். இறங்கியது தவறு என்றால், அது காதின் தவறா? பார்க்கப் போனவள் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு 'நோ' கிடைத்ததும் பிடித்துக்கொண்டாளா? இதை ராஜியிடம் கேட்கவில்லை. கதாபாத்திரம் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சில சந்தேகங்களைக் கேட்க முடிவதில்லை.

6

ராஜி சொன்னபடி மீதிக் கதை இது.

ஓபோலேயில் இறங்கியபின் விஷயம் புரிந்தது. டிக்கெட் கவுண்டரில் பாஷை புரியாமல் நேரமாகிவிட்டது. பிறகு கிடைத்த வண்டியில் ஏறினாள். சரியான ஊரில் இறங்கியபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து. பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. யாரும் இல்லை என்றால் அவள் தேடிய ஆள் இல்லை. மற்றபடி கூட்டம்.

ஸ்டேஷனில் போனுக்கு இணைப்பு கிடைத்தது. மெசேஜ்கள் ஒன்றாக வந்து விழுந்தன.

2:44. அம்மா?

2:46. எந்த டப்பா?

3:29. அடுத்ததுல வரியா?

4:14. ?

4:40. ஓகே. ஸமஜ்ல.

டப்பா என்றால் ரயில் பெட்டி. ஸமஜ்ல என்றால் மராத்தியில் 'புரிந்தது'. வீட்டில் கோபம் வந்தால் வித்யா தமிழில் பேசமாட்டாள்.

ராஜி கூப்பிட்டாள். மணி அடிக்கவில்லை. மெசேஜ் அனுப்பினாள். போகவில்லை. வித்யா வீடு மாறியிருந்தாள், புது முகவரி ராஜியிடம் இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டலில் இரண்டு நாள் இருந்தாள். பிஸ்கட் சாப்பிட்டாள். திரும்பி வந்துவிட்டாள்.

இந்த முடிவு எனக்குப் போதவில்லை. வேறு ஒன்று எழுதிப் பார்த்தேன். அதில் ராஜி ஓபோலேயில் அடுத்த வண்டியிலேயே ஏறிவிடுகிறாள். வித்யா போகாமல் நிற்கிறாள். ராஜி இறங்குகிறாள். வித்யா பெட்டியை வாங்கிக்கொள்கிறாள். 'கனமா இருக்கே' என்கிறாள். 'ஊறுகாய்' என்கிறாள் ராஜி.

ராஜி இதை இரண்டு முறை படித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இது நன்னா இருக்கு. இதையே வெச்சுக்கோங்கோ."

"நடக்கலையே."

"கதைதானே சார்?"

"கதைதான்."

கடைசி வரியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேண்டாம். எல்லாரும் நம்புவா. அவ நம்பமாட்டா. அவ அங்கேயே நின்னுண்டிருந்தாளே."

7

முதல் நாள் ராஜி கொண்டுவந்த ஃபைல் என்னிடமே இருந்தது. ஆதாரம் என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தார். வங்கிக்காரர்கள் காகிதத்தை எறிவதில்லை. விமானச் சீட்டு, ஓட்டல் ரசீது, வார்சாவில் ஏறிய ரயில் டிக்கெட். கடைசியில் ஓபோலேயிலிருந்து போன சின்ன டிக்கெட். அதன் கீழ் ஓரத்தில் விற்ற நேரம் அச்சாகியிருந்தது. 14:06. பின்பக்கம் பரிசோதகரின் முத்திரை. 17:12.

அன்றைய கால அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். ஓபோலேயிலிருந்து அந்த ஊருக்கு இரண்டு முப்பத்தைந்துக்கு ஒரு வண்டி. மூன்று இருபதுக்கு ஒன்று. அதன்பின் ஐந்து ஐந்துக்கு. ஐம்பது நிமிடப் பயணம்.

புதன்கிழமை மத்தியானம் ஆறாவது மாடிக்குப் போனேன். ராஜி தரையில் பேப்பர் விரித்து மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"டிக்கெட் ரெண்டு ஆறுக்கே வாங்கியிருக்கீங்க."

கை நிற்கவில்லை. "ஆமா."

"கவுண்டர்ல நேரமாயிடுச்சுன்னு சொன்னீங்க."

"ரெண்டு நிமிஷம் ஆச்சு. பழைய டிக்கெட்டைக் காட்டி ஊர் பேர்ல விரலை வெச்சேன். குடுத்துட்டா."

"ரெண்டு முப்பத்தஞ்சுக்கு ஒரு வண்டி இருந்திருக்கு."

"வந்தது."

"மூணு இருபதுக்கு ஒண்ணு."

"அதுவும் வந்தது."

ஒரு தண்டை ஒடித்து இலைகளை ஒருபுறமும் தண்டை ஒருபுறமும் போட்டார். பிறகு சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ராஜி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. அதில் வ்ரோத்ஸ்வாஃப் என்ற சொல் வந்தது. அதே நேரம் மேலே பலகையில் கோடு போட்ட எழுத்தோடு அந்தப் பெயர் வந்தது. பலகையைப் பார்த்தாள், டிக்கெட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒரே ஊர். இறங்கிய வண்டிதான் சரியான வண்டி. பரவாயில்லை, இதோ அடுத்தது வருகிறது.

வந்தது. கதவு அவளுக்கு நேராகத் திறந்தது. சைக்கிளோடு ஏறிய ஒருவர் அவள் பெட்டியைக் காட்டி, தூக்கட்டுமா என்று கையால் கேட்டார். அதற்குப் பாஷை வேண்டியதில்லை. எந்தக் குழப்பமும் இல்லை. ராஜி தலையை ஆட்டினாள். எப்படி ஆட்டினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அவர் ஏறிக்கொண்டார். கதவு மூடியது. வண்டி போயிற்று.

நாற்பத்தைந்து நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. கதவு திறந்தது. கதவு மூடியது.

"அவ போயிருப்பான்னு நெனைச்சேளா?"

(இது நான் கேட்டது. அவர் பேச்சு எனக்கும் தொற்றிவிட்டிருந்தது.)

"இல்லை. நின்னுண்டிருப்பான்னு தெரியும். அவ அப்பா மாதிரி. நிப்பா."

"தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்."

அந்த இரண்டு வண்டிகளும் கடந்துபோன நேரத்தில் ராஜிக்கு

இதற்குமேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பல விதமாக எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். பயம் என்று எழுதினேன். "எதுக்குப் பயம்? பெத்த பொண்ணு" என்றார். நாலு பாஷை தெரிந்தவள் ஒரு ஊரின் பெயரைப் படிக்கத் தெரியாமல் இறங்கிவிட்டோமே என்ற வெட்கம் என்று எழுதினேன். அது அப்போது இல்லை, ஓட்டலில்தான் வந்தது என்றார். ஓபோலேயில் இருக்கும்வரை மகள் இன்னும் ஒன்றும் கேட்டுவிடவில்லை, பிளாட்பாரத்தில் இறங்கினால் அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றிக் கேட்பாள் என்று எழுதினேன். அதை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு, "கதைக்கு நன்னா இருக்கு. ஆனா அப்படியெல்லாம் ஒண்ணும் தோணலை சார்" என்றார்.

"என்னதான் தோணித்து?"

"வண்டி வந்தது. பார்த்துண்டிருந்தேன். போயிடுத்து. அதான்."

"மூணாவது வண்டில மட்டும் ஏன் ஏறினீங்க?"

மேத்திக் கட்டு முடிந்திருந்தது. பேப்பரை மடித்தார்.

"பாத்ரூம் போகணும்னு இருந்தது. ஸ்டேஷன்ல சில்லறை போட்டாத்தான் கதவு திறக்கும். எங்கிட்ட நோட்டுதான் இருந்தது. வண்டில சும்மாவே போகலாம்."

மடித்த பேப்பரை ஓரமாக வைத்தார்.

"அந்தப் பாத்ரூம் விஷயத்தை மட்டும் எழுதிடாதீங்கோ. அசிங்கமா இருக்கும்."

மற்றதை எழுதலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

8

முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். ராஜி பென்சிலோடு உட்கார்ந்து படித்தார். மூன்று எழுத்துப் பிழை கண்டுபிடித்தார். பூனையின் நிறத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். ஏழாம் பகுதியில் பென்சில் படவில்லை. மாலையில் போன் வந்தது.

"ஏழாவதை எடுத்துடுங்கோ. அது இல்லாட்டாலும் கதை புரியறதே."

புரிகிறது. இன்னும் நன்றாகவே புரிகிறது. பாஷை தெரியாமல் இறங்கிவிட்ட ஓர் அம்மா, நேரம் கழித்து வந்து சேர்கிறாள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை லிஃப்டில்.

"எடுத்துட்டேளா?"

"எடுத்துட்டேன்."

"எடுத்தது தப்போன்னு தோணறது. திருப்பி வையுங்கோ."

வைத்தேன். வெள்ளிக்கிழமை எடுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேட்டார்: "நீங்களா இருந்தா என்ன பண்ணுவேள்?" எனக்குத் தெரியவில்லை என்றேன். எனக்கு மகள் கிடையாது. இருந்திருந்தாலும் தெரிந்திருக்குமா என்று சொல்லமுடியாது. பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய அன்று கடைசியாக ஒரு மெசேஜ் அனுப்பினார். "ஏழாவதை என்ன பண்றதுன்னு புரியலை. படிக்கறவா பார்த்துக்கட்டும்."

ஆகவே இந்தப் பகுதி உங்களுக்கு. மற்ற எல்லாருக்கும் கதை இங்கே முடிந்துவிட்டது, அவர்கள் போகலாம். நான் பேசுவது அந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் ஒருவரிடம். நீங்கள் இருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. ராஜி இருக்கிறீர்கள் என்கிறார்.

ஹிஞ்சேவாடியிலிருந்து வந்த ஒரு பெண்ணை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். முப்பது வயது இருக்கும். வித்யா என்பது அவள் பெயரில்லை. கூட்டத்தில் தமிழில் பேசினால் சிரிப்பாள், மராத்தியில் பதில் சொல்வாள். செப்டம்பரில் ஒரு நாள் அரை நாள் விடுப்பு எடுத்திருப்பாள். ஏன் என்று யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாள். ஒரு கதை படிக்கிறேன், கேட்கிறாயா என்று கேளுங்கள். தலைப்பைச் சொல்லவேண்டாம். நேராக முதல் பகுதிக்குப் போய்விடுங்கள். மெதுவாகப் படியுங்கள். அவள் தமிழ் காதால் கற்ற தமிழ், வேகமாகப் படித்தால் பாதி போய்விடும். மூன்றாம் பகுதியில் எழுந்து போனால் போகவிடுங்கள். ஐந்தில் உள்ள சந்தேகமெல்லாம் என்னுடையது, அவள் அம்மாவுடையது இல்லை என்று சொல்லுங்கள். மெசேஜ் நேரங்களை நீங்கள் படிப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டால், ஆள் சரி.

ஆறாம் பகுதி முடிந்ததும் நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். அவள் உங்களைப் பார்ப்பாள். இவ்வளவுதானா என்று கேட்பாள்.

அவளுக்கு இந்த எழுத்து படிக்க வராது. நீங்கள் எதை விட்டாலும் தெரியாது.